அண்ணனுக்காக ஒரு படகு

மூன்று மாதச் சாப்பாட்டைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, படகில் அடுக்கி முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

நாளை மறுநாள் அவளுடைய கொழுந்தன் தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுப் பெருங்கடலைக் கடக்கப் போகிறான். அதையொட்டிச் சேரும் நன்கொடை முழுவதும் சிறுநீரக நோயாளிகளுக்கு. படகில் ‘அண்ணனுக்காக’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்.

"என் கிட்னி மட்டும் அண்ணனுக்குப் பொருந்தியிருந்தா, இப்படி ஊரைக் கூட்டிக் கேக்கவே வேண்டாம் அண்ணி." அவன் கண் கலங்கியது.

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி? கூடப் பிறந்தவங்க யாரு இந்த அளவுக்குச் செய்வாங்க?" என்று தேற்றினாள்.

அன்று மத்தியானம் கணவனை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனாள். அவன் கண்ணயர்ந்ததும், கொழுந்தனின் படம் போட்ட நோட்டீஸை நர்ஸிடம் பெருமையாக நீட்டினாள்.

நர்ஸின் முகம் மாறியது.

"அப்போ நிஜமாவே கிளம்பறாரா? ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா சார் ரெண்டு மாசம்கூடத் தாங்க மாட்டார்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரேம்மா!"

"எந்த ஆபரேஷன்?" என்று கேட்டாள்.

"தம்பியோட கிட்னிதான் கச்சிதமா பொருந்திடுச்சே! இப்போ குடுத்துட்டா துடுப்புப் போட முடியாதாம், போயிட்டு வந்து குடுக்கறாராம்."

படுக்கையில் கிடந்தவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நர்ஸ் தொடர்ந்தாள்:

"சார்தான் 'நீ முதல்ல போயிட்டு வாடா'ன்னு வற்புறுத்தி அனுப்பறாராமே? தம்பியே சொன்னார். யாருக்கும்மா வரும் இந்த மனசு!"