ஆறு பேருக்கு இரண்டு முட்டை

“ஆறு பேருக்கு ரெண்டே முட்டையாம்மா? ஆளுக்கு ஒண்ணு வேணாமா?”

“கோழி போட்டதே அவ்வளவுதான் நோர்மா. தண்ணி விட்டுப் பிசை. மெல்லிசா தேய்ச்சா பாஸ்தா நிறைய வரும். பொண்ணு பார்க்க வர்ற வால்டாம்மா மாவைப் பார்த்துத்தான் மருமகளை முடிவு பண்ணுவாங்க.”

எங்கள் ஊரில் எல்லா மாமியார்களும் அப்படித்தான். வால்டாம்மாவின் மகன் லோரிஸ் மாவு மில்லில் என்னைப் பார்த்துச் சிரித்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். தோள் வலிக்க வலிக்கத் தேய்த்தேன். அக்கா ஓர்னெல்லா கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள்.

மகனோடு வந்த வால்டாம்மா நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். தேய்த்த மாவைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

“அடேயப்பா! அந்தப் பக்கத்து மணிக்கூண்டே தெரியுதே! இது யாரு கை வேலை?”

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எங்க பெரியவ ஓர்னெல்லாதாங்க” என்றாள் அம்மா. “சின்னவளுக்கு அடுப்புல விறகு வைக்கத்தான் தெரியும்.”

லோரிஸ் என்னைப் பார்த்தான். நான் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினேன். சாப்பிட்டு எழுவதற்குள் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

“ஏம்மா இப்படிப் பண்ணினே? அவ அங்க போய் மாட்டிக்க மாட்டாளா?”

“கல்யாணம் ஆனப்புறம் திருப்பியா அனுப்புவாங்க?” அம்மா என் கன்னத்து மாவைத் துடைத்துவிட்டாள். “அவ போனா நமக்கு ஒரு வாய் குறையும். உன்னைக் கொடுத்துட்டா எனக்கும் உங்கப்பாவுக்கும் யாருடி சமைப்பா?”