ஒளிவேந்தருக்கு ஒரு லென்ஸ்

"புது லென்ஸெல்லாம் ஊமைக் கோட்டான், தம்பி. ஃபோக்கஸ் ஆச்சா இல்லையான்னு வாயைத் திறந்து சொல்லாது. அந்தப் பழசை எடுங்க" என்றார் ஒளிவேந்தர்.

அந்தப் பட்டத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. விசிட்டிங் கார்டு அடித்தபோது பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது, அவரே போட்டுக்கொண்டார்.

பழைய கேமராக்களை வாங்கி விற்கும் அந்தக் கடைக்காரருக்கு ஒளிவேந்தரின் வாய் பிடிக்காது. ஆனால் படங்கள் பிடிக்கும். எல்லாக் கல்யாணத்திலும்தான் மணப்பெண் சிரிக்கிறாள். ஓரமாய் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அத்தையை இவர் ஆல்பத்தில்தான் பார்க்க முடியும். அதுவும் சமீப காலமாக மனிதர் எங்கேயோ போய்விட்டார். அந்த மரியாதைக்காகத்தான் கடைக்காரர் இத்தனை பேச்சையும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே மழை விடுகிற வழியாகத் தெரியவில்லை. பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்த அலமாரியைத் திறந்து, அந்தக் கனத்த ஜூம் லென்ஸை எடுத்துவந்தார் கடைக்காரர். ஒளிவேந்தரின் மனைவி அதை வாங்கிக் கணவர் கையில் வைத்தாள். அவர் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல அதைத் தடவிக்கொடுத்தார்.

"சார், விக்கிறவன் நானே இதைச் சொல்லக் கூடாது. ஒரு காலத்துல இது ராஜா. கண்ணாடி இப்பவும் சுத்தம். ஆனா கை நடுக்கத்தைத் தாங்குற வசதி இதுல கிடையாது. கம்பெனிக்காரன் பாகம் செய்யறதையும் நிறுத்திட்டான். மோட்டார் இப்பவே கிர்ர்ருங்குது. அது நின்னுபோச்சுன்னா கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்."

"நடுக்கமா? எனக்கா?" ஒளிவேந்தர் சிரித்தார். "இந்தக் கை மலை, தம்பி. அப்புறம் அந்தக் கிர்ர் இருக்கே, அதுதான் சங்கீதம்."

கடைக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது யோசிங்கம்மா. இருக்கிறதையெல்லாம் வழிச்சு இதுல போடணுமா?"

"போடத்தான் வேணும் தம்பி. வர்ற வாரம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். இந்த சீசன்லயே கையில இருக்கிறது அது ஒண்ணுதான். இவரோட பழைய லென்ஸ் படியில உருண்டு ரெண்டாப் போச்சு. 'பீரங்கி மாதிரி லென்ஸோட வந்தா வாங்க, இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்'னு பொண்ணோட அப்பா சொல்லிட்டார்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒருவேளை மோட்டார் நின்னுட்டா, பார்க்கிறவங்களுக்கு அது வெளியே தெரியுமா?" என்று கேட்டாள்.

கடைக்காரருக்கு உள்ளே கசந்தது. நல்ல ஜோடிப் பொருத்தம்தான். அவருக்கு வாய், இவளுக்கு வேஷம். படம் விழுமா என்று கேட்கக் காணோம், பந்தா குறையுமா என்று கேட்கிறாள்.

"தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, லென்ஸைக் கடையின் கேமராவில் பொருத்திக் கொடுத்தார்.

மனைவி போய்க் கணவருக்கு நேர் எதிரே நின்றாள். "நான் நிக்கறேங்க" என்று குரல் கொடுத்தாள். கிர்ர்ர், டிக். இன்னும் சில படங்கள். பிறகு ஒளிவேந்தர் கேமராவின் திரையை முகத்துக்கு அருகே பிடித்து, தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"இங்க பாருங்க, கண்ணிமையை ஒவ்வொண்ணா எண்ணலாம். ஓரத்துலதான் லேசா மங்கல். அதுக்கு நீங்க விலையில கொஞ்சம் இறங்கி வரணும்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. தன் லென்ஸில் ஓரம் மங்கலா? எட்டிப் பார்த்தார்.

கேமராவில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கறுத்துக் கிடந்த திரையில் மேலே எரியும் ட்யூப்லைட்தான் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

சொல்ல வாயெடுத்தவர், எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று மெதுவாகத் தலையசைத்தாள்.

"சரி சார், இறங்கி வர்றேன்" என்றார் கடைக்காரர்.

ஒளிவேந்தர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெண்ணின் அப்பாவுக்கு போன் போட்டார். "பீரங்கி வந்தாச்சுங்க. இனிமே பாருங்க வேடிக்கையை" என்று கடை அதிரப் பேசினார். அந்தச் சத்தத்தின் மறைவில் அவள் கடைக்கோடியிலிருந்த பேக்கிங் மேஜைக்கு வந்தாள்.

"எவ்வளவு நாளாம்மா?" கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரெண்டு சீசன் ஆச்சு. ஆளு நின்னா நிழலாத் தெரியும். அவ்வளவுதான்."

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா பெரிய வீட்டுக் கல்யாணம்? ஒரு படம்கூடத் தேறாதேம்மா."

"அவர் எடுக்கறதுல தேறாதுதான்." அவள் லென்ஸ் பையின் வாரை இழுத்துச் சரிபார்த்தாள். "எல்லாரும் பீரங்கியைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. பக்கத்துல லைட் பிடிக்கிறவ கையில சின்னதா ஒரு கேமரா இருக்கிறது எவன் கண்ணுல படுது? ஆல்பத்துக்குப் போறதெல்லாம் அதுலேர்ந்துதான்."

கடைக்காரர் கையிலிருந்த பேக்கிங் டேப்பை மேஜைமேல் வைத்தார். பிறகு, "இவ்வளவு நல்லா எடுக்கறீங்களே, உங்க பேர்லயே எடுத்தா என்ன? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து எதுக்கும்மா இந்த நாடகம்?" என்றார்.

"சேர்ந்தா?" அவள் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கண்ணு போனது எனக்குத் தெரியாதுன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்கார், தம்பி. ஆல்பத்தைப் பார்த்து நாலு பேர் புகழும்போதெல்லாம், கண்ணு போனாலும் பழகின கை தானா எடுத்துடுதுன்னு நம்பிக்கிட்டிருக்கார்."