லீவுக்குக் கப்பல் பயணம்

குமணன்சாவடி வட்டிக்கடை சின்னப்பையனுக்கு கிறிஸ்துதாஸ் தரவேண்டியது நாலு லட்சத்து இருபத்தையாயிரம் ரூபாய். தர வழியில்லை. ஸ்கூல் லீவுக்குச் சுற்றுலா என்று தெருவில் சொல்லிவிட்டு, மனைவியின் கம்மலை விற்று, குடும்பத்தோடு அந்தமான் கப்பலேறினான்.

கீழ்த்தட்டெங்கும் லீவுக்கு வந்த பிள்ளைகளின் கூச்சல், வாந்தி நாற்றம்.

"எப்ப நைனா ஊட்டுக்குப் போவோம்?" என்றாள் மகள்.

"போனா சின்னப்பையன் நம்மள உசுரோட உடமாட்டான் கண்ணு."

பக்கத்துப் படுக்கையில் மூன்று நாளாகத் தலையோடு போர்த்திக் கிடந்தவர் திடுக்கிட்டு எழுந்தார். சின்னப்பையனேதான்!

கிறிஸ்துதாஸ் காலில் விழுந்தான். "அண்ணாத்தே, புள்ளைங்க மூஞ்சியப் பாத்தாவது..."

"கத்தாதடா மாமே!" சின்னப்பையன் அவன் வாயைப் பொத்தினார். "மாங்காட்டுக்காரங்க சீட்டுப் பணத்தைச் சுருட்டிகினு வந்துகீறேன். என்னைப் பாத்தத யாராண்டையும் சொல்லாதே. உன் கடன் தீந்துபோச்சு."