எண்பது முட்டைக்கு ஒரு மெஷின்

"கை படாமலே முட்டை நுரைக்கும், காக்கா! லாத்தாவைத் திரைப்பக்கம் வந்து நின்னு பாக்கச் சொல்லுங்க."

அலியார் மெஷினை மேசைமேல் நிறுத்திவிட்டு, கூடத்தையும் அடுக்களையையும் பிரித்த பச்சைத் திரையைப் பார்த்து மரியாதையாக ஒரு சலாம் சொன்னார். பதில் வரவில்லை. வெளி ஆண்கள் வந்திருக்கும்போது பெண்குரல் கூடத்துக்கு வராது. கீழக்கரையில் அது வழக்கம்தான்.

அலியார் அண்ணன் முறையில் காக்கா என்றழைத்த ஹாஜா முகைதீன் தாடியை உருவினார். "வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்துல கல்யாணம். எண்பது முட்டை கேக்கு கேட்டிருக்காக. வலது தோள் தூக்க ஏலல. இந்த ஒரு ஆர்டரை விட்டா அடுத்து ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டாக. அதனாலதான் உங்களை வரச்சொன்னேன்."

கொழும்பிலிருந்து மெஷின்களை இறக்கி விற்பவர் அலியார். விற்பதைவிட விளக்குவதில்தான் அவருக்கு ஆசை அதிகம். அக்கா முறையில் அவர் லாத்தா என்றழைத்த ஹாஜாவின் மனைவி பேரில் வரும் 'உம்மு ஹபீபா வீட்டுக் கேக்' என்றால் மண்டபம் ஊர்வரை பேர். அப்படிப்பட்ட கைக்கு விளக்குவதென்றால் சும்மாவா? திரைக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"வெள்ளைக்கருவுல கண்ணுக்குத் தெரியாத நூலு சுருண்டு கெடக்கு, லாத்தா. அடிக்க அடிக்கப் பிரிஞ்சு, வலையாப் பின்னிக் காத்தைப் புடிச்சு வச்சுக்கிரும். அந்தக் காத்துதான் அடுப்புல விரிஞ்சு கேக்கைத் தூக்குது. பாதியில கை ஓஞ்சுதுன்னா வந்த காத்தெல்லாம் ஓடிப்போயிரும். மெஷினுக்கு ஓய்ச்சல் ஏது?"

"ஓரத்துல ஒட்டுறதை யாரு வழிக்கிறது?" என்றார் ஹாஜா.

"அப்படிக் கேளுங்க! பூமி தானும் சுத்திக்கிட்டுச் சூரியனையும் சுத்துதில்ல? அதே கணக்குத்தான். கம்பிக்கூடு தான் ஒரு பக்கமாச் சுத்தும். அதைப் புடிச்சிருக்கிற தலை, சட்டியை எதிர்ப்பக்கமாச் சுத்தி வரும். ஒரு மூலை தப்பாது."

ஹாஜா திரையை விலக்கி உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு.

"சரி, மாவு போட்ட பெறவும் இந்த வேகத்துல சுத்துனா கேக்கு கல்லாயிருமே?"

அலியாருக்கு மெய்சிலிர்த்தது. மூன்று ஊர்களில் மெஷினைக் காட்டியிருக்கிறார். எல்லாரும் விலையைக் கேட்டார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் இருப்பது சாதாரண மூளை இல்லை.

"அதுக்குத்தான் மூணு வேகம். மாவு விழுந்ததும் ஒண்ணாம் நம்பர். அதுவும் நாலே நாலு சுத்து."

விசையைத் திருப்பினார். கூடம் அதிர்ந்தது. நுரை பொங்கிச் சட்டியின் விளிம்புக்கு வந்தது. ஹாஜா சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நெடுநேரம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"கூடிப்போச்சு தம்பி. நுரை உடைஞ்சு அடியில தண்ணி விட்டிருச்சு. இதை வச்சு எழுப்புனா கேக்கு நடுவுல குழி விழும்."

"அடடா, பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன். இன்னொரு தடவை பாப்போம்."

மறுபடியும் ஆறு முட்டை. மெஷின் சுற்றியது. அலியாரின் கண் திரையின் மேலேயே இருந்தது. திரை லேசாக அசைந்தது.

"நிறுத்துங்க!" என்றார் ஹாஜா.

நிறுத்தினார். கம்பிக்கூட்டைத் தூக்கியபோது நுனியில் நுரை பிறைபோல் வளைந்து நின்றது. அப்படியே விழாமல் நின்றது.

"சத்தம் மாறிருச்சு" என்று முணுமுணுத்த ஹாஜா உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து சத்தத்தை வைத்தே பதம் கண்டு சைகை காட்டியிருக்கிறாரே லாத்தா என்று அலியார் வியந்துபோனார்.

"இன்னும் என்ன யோசனை, காக்கா?"

ஹாஜா நுரையின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுவே எல்லாத்தையும் செஞ்சா, அப்புறம் அது யாரு சுட்ட கேக்கு? ஊரு மெஷின் கேக்குன்னுதானே சொல்லும்?"

அலியார் சிரிக்கவில்லை. தன் மனைவியின் பேருக்காக இவ்வளவு கவலைப்படும் மனிதரை அவர் பார்த்ததில்லை. திரையை நோக்கியே பதில் சொன்னார்.

"மெஷினுக்கு அடிக்கத்தான் தெரியும், லாத்தா. எப்ப நிறுத்தணும்னு தெரியாது. மொதச் சட்டியை நான்தானே பாழாக்கினேன்? ரெண்டாவது சட்டியைக் காப்பாத்துனது உங்க காது. அதைக் கொழும்புலயும் விக்கிறதில்ல."

ஹாஜாவின் முகம் மெல்ல மலர்ந்தது. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

"மெஷின் இங்கனயே இருக்கட்டும், தம்பி. எண்பது என்ன, நூறு முட்டைன்னாலும் வரட்டும்."

"அல்ஹம்துலில்லாஹ்! லாத்தா, துஆச் செய்யுங்க" என்று திரைக்கு மீண்டும் ஒரு சலாம் வைத்துவிட்டு, அலியார் மெஷின் வந்த பெரிய மரப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து சுவரிலிருந்து வயரைப் பிடுங்கப் போனார்.

அப்போது தெருக்கதவு திறந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்த ஒரு பெண் கையில் துணிப்பையோடு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். பெட்டிக்குப் பின்னால் ஆள் இருப்பது அவள் கண்ணில் படவில்லை.

"மெஷின் வாங்கிட்டீகளா மச்சான்? நல்லதாப் போச்சு! உச்சிப்புளியில சித்தி ஜுனைதா வீட்ல இருந்த மூணு நாளும் எனக்கு உங்க தோள்பட்டை நெனப்புத்தான். எண்பது முட்டையையும் ஒத்தைக் கையாலயே அடிச்சிருவீகளோன்னு பயந்துக்கிட்டே வாரேன். ஒத்தாசைக்கு நிக்கலாம்னா, கேக்குக்குத்தான் எம்பேரு, எனக்கு ஒரு முட்டையை ஒழுங்கா உடைக்கக்கூடத் தெரியாதே!"