உள்ளே போங்க

"உங்க ஜன்னல் எது?" என்று டெஸ்மண்ட் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். கையில் காகிதக் கோப்பையில், பொட்டலத்தைப் பிரித்துக் கலக்கிய மிக்ஸ் காபி. கண்ணாடிக்கு வெளியே ஓடை, ஓடையைத் தாண்டி ஊர். ஒரு வாய் காபி குடிப்பதற்குள் பார்த்து முடித்துவிடலாம், அவ்வளவுதான் அந்த ஊர்.

டெஸ்மண்ட் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆங்கில ஆசிரியர். வந்து மூன்று மாதம் ஆகிறது. அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில். ஒப்பந்தம் முடியும் பிப்ரவரிக்குப் பிறகும் இருப்பாரா, கிளம்பிவிடுவாரா என்று அன்று மதியத்துக்குள் அவர் தலைமை ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டும்.

இருப்பார் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. அவருக்கு முன் வந்த கனடாக்காரர் இருமல் என்று சொல்லிக் கிளம்பினார். விமான நிலையம் வந்ததும் இருமல் நின்றுவிட்டது. வழியனுப்பப் போன நானே பார்த்தேன்.

"எந்த ஜன்னலைக் கேக்குறீங்க?"

"என்னைப் பாக்குற ஜன்னல்," என்றார்.

எங்கள் கொரிய மொழியில்தான் பேசினார். அவர் பேச்சில் நாய் 'வந்தாங்க', தலைமை ஆசிரியர் 'வந்துச்சு.' நான் உடனே திருத்துவேன். யார் தப்பாகப் பேசினாலும் திருத்தாமல் என்னால் இருக்க முடியாது. என் முன்னாள் கணவர் விவாகரத்துக்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

"மேங் டீச்சர், நீங்க தினமும் சாயங்காலம் போன் பண்றீங்க. அப்ப நான் மொட்டை மாடியில, ரூமுக்கு வெளிய நிக்கிறேன். ரூமுக்குள்ள பேச ஆள் இல்ல, அதான் வெளிய நின்னு ஊரைப் பாக்குறேன். கடைசியில நீங்க 'உள்ள போங்க'ன்னு சொல்றீங்க. நான் வெளிய நிக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்டு ஜன்னல்லருந்து பாக்குறீங்க. எந்த ஜன்னல்னுதான் எனக்குத் தெரியல."



போனை வைக்கும்போது நாங்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வோம். உள்ளே போங்க. கட்டிலில் படுத்திருப்பவரிடமும் சொல்வோம், கடலில் மீன் பிடிக்கிறவரிடமும் சொல்வோம். வைக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. சொல்லிவிட்டு யாரும் யாரையும் நினைப்பதில்லை. கேட்டவரும் எங்கேயும் போவதில்லை.

இந்த மனிதர் மூன்று மாதமாக உள்ளே போயிருக்கிறார்.

"முதல் மாசமே பெட்டி கட்டிட்டேன்," என்றார், கோப்பையைப் பார்த்துக்கொண்டு. "ஸ்கூல் விட்டா கோழிக்கடைக்காரர் சில்லறை குடுக்குறதோட சரி, அப்புறம் காலை வரைக்கும் ஒரு குரல் கிடையாது. அப்பதான் நீங்க உள்ள போங்கன்னு சொன்னீங்க. பெட்டியைப் பிரிச்சுட்டேன். ஒருத்தர் பாக்குறாங்கல்ல."

திருத்துவதற்கு ஒரு வாக்கியம் போதும். அது சும்மா போனை வைக்கிற பேச்சு, சார். சொன்னால் புரிந்துகொள்வார், சிரிக்கக்கூடச் செய்வார். பிறகு மாடிப்படி இறங்கிப் போய்த் தலைமை ஆசிரியரிடம் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிடுவார்.

அதற்குப் பிறகு சாயங்காலத்தில் நான் யாருக்குப் போன் செய்வேன்? மறுநாள் எந்தெந்த வகுப்பு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறேன். எங்கள் பள்ளியில் மொத்தம் மூன்று வகுப்பு. பாடவேளை ஒரு நாளும் மாறியதில்லை.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடைக்கு அப்பால் விரலை நீட்டினேன்.

"அதோ. மூணாம் நம்பர் கட்டடம், நாலாவது மாடி. பச்சைத் திரை."

அவர் நெற்றி கண்ணாடியில் படும்வரை குனிந்து பார்த்தார். என் மாடிக்கு நேர் எதிரே, என்று ஆங்கிலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தலைமை ஆசிரியர் ரூம்ல இருக்குதா?" என்று கேட்டார்.

இருக்குது, போங்க என்றேன்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தலைமை ஆசிரியர் என் தட்டில் தன் பங்கு மீனையும் எடுத்து வைத்தார். "என்னம்மா மந்திரம் போட்டே?" என்றார். இன்னும் ஓராண்டு இருப்பதாக டெஸ்மண்ட் ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த மீனை நான் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன்.

இருட்டிய பிறகு வழக்கம்போலக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். அவர் பக்கம் காற்று இரைந்தது. நாளைக்கு இரண்டாம் வகுப்பு, பிறகு மூன்றாம் வகுப்பு என்றேன். எல்லாம் தெரியும் என்றார்.

"இப்பதான் கை ஆட்டினேன். பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றேன்.

நான் ஜின்ஜு நகரத்துக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். என் வீடு அங்கேதான், மலைக்கு அந்தப் பக்கம். தினமும் இதே பேருந்தில் இருந்துதான் அவரைக் கூப்பிடுகிறேன். பள்ளி இருக்கும் ஊரில் எனக்கு ஒரு ஜன்னலும் கிடையாது. பச்சைத் திரை யாருடையது என்று எனக்குத் தெரியாது. கண்ணில் பட்டதைக் காட்டினேன், அவ்வளவுதான்.

"தெரியும்," என்றார் டெஸ்மண்ட். "நீங்களும்தான் திருப்பிக் கை ஆட்டினீங்களே. விளக்கை வேற அணைச்சு அணைச்சுப் போட்டீங்க."

போனைக் காதிலிருந்து இறக்கினேன். 

மூன்று மாதமாக அவர் மாடியில் நிற்பதை அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கை ஆட்டட்டும் என்று காத்துக்கொண்டுகூட இருந்திருப்பார்கள். அது நான் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். பொறாமைதான், வேறென்ன.