இடது பாதம்

எல்லாரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் யோகா மாஸ்டர். பன்னிரண்டு பாய்களில் பத்துப் பேர் மூடினார்கள். மெக்கானிக்கும், பக்கத்துப் பாயில் இருந்த வழுக்கைத் தலைக்காரரும் மூடவில்லை.

அடுத்து மண்டியிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கச் சொன்னார். இதற்காகத்தான் மெக்கானிக் கடைசி வரிசையில் இடம் பிடித்திருந்தார். முன்னால் இருந்தவர்களின் உள்ளங்கால்கள் மொத்தமும் அவர் பக்கம் திரும்பின. ஒவ்வொரு இடது காலாகப் பார்த்தார். மணல் ஒட்டிய கால், வெடித்த கால், மருதாணி போட்ட கால். தேடிய தழும்பு மட்டும் இல்லை.

தங்கையின் கணவர் காணாமல் போய் எட்டு மாதம். பதிவுத் திருமணம் நடந்தபோது மெக்கானிக் வெளிநாட்டில் லிப்ட் மாட்டும் வேலையில் இருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தது ஒரே ஒரு போட்டோவில், அதுவும் மழுமழுவென்று ஷேவ் செய்த முகம். இந்த ஊரிலோ ஆண்கள் பாதிப் பேர் தாடிக்குள் ஒளிந்திருந்தார்கள். அதனால்தான் தங்கை ஓர் அடையாளம் சொல்லி அனுப்பினாள். தரையில் வைத்திருந்த சூடான இஸ்திரிப் பெட்டியை மிதித்ததில் இடது உள்ளங்காலில் முக்கோணத் தழும்பு.

வேலை போன வருத்தத்தில் மனசு உடைந்து போய்விட்டார் என்று தங்கை உறுதியாக நம்பினாள். பிறந்து நாற்பது நாளான குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அப்பா வந்துதான் வைக்க வேண்டுமாம். கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றுதான்.

"அடிச்சுடாதேண்ணா. கூட்டிட்டு மட்டும் வா."

இந்தக் கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லித்தரும் ஒருவர் அச்சு அசலாக அவரைப் போலச் சிரிக்கிறார் என்று யாரோ சொல்லப்போய், மெக்கானிக் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே யாருக்கும் எதிலும் அவசரம் இல்லை. டீ கேட்டால் கடைக்காரர் சறுக்குப் போர்டைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போயிருப்பார். அவசரமெல்லாம் மெக்கானிக்குக்குத்தான். நாளை மறுநாள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

சிரிப்பு பொருந்துகிற ஆள், யோகாவோடு அலைச்சறுக்கும் சொல்லித்தரும் இந்த மாஸ்டர்தான். ஆனால் வகுப்பில் எல்லாரும் வெறுங்காலோடு இருக்க, அவர் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார். கேட்டால் பித்தவெடிப்பு என்றார்.

வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது, எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்தார் வழுக்கைத் தலைக்காரர். மெக்கானிக் வாயில் வந்த பொய்யைச் சொன்னார். முதுகு வலி.

"எனக்கும் அதேதான்" என்றார் அவர். பத்து நாளாக வருகிறாராம். இன்னும் ஓர் ஆசனமும் படியவில்லை. கடலில் இறங்கலாமே என்று கேட்டதற்கு, தண்ணீர் என்றாலே உயிர் போய்விடும், வகுப்போடு சரி என்றார்.

மெக்கானிக்குக்கும் தண்ணீர் ஆகாதுதான். இருபதாவது மாடியில் கயிற்றில் தொங்குகிற மனிதருக்கு இடுப்பளவு கடல் என்றாலே பயம். ஆனால் சாக்ஸோடு யாரும் கடலில் இறங்க முடியாது அல்லவா? சட்டையையும் போனையும் வழுக்கைத் தலைக்காரரிடம் கொடுத்துவிட்டு, போர்டின் மேல் குப்புறப் படுத்தார்.

மாஸ்டரும் தன் போர்டில் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

"அலையைப் பார்க்காதீங்க, பயம் வந்துடும்" என்று திரும்பாமலே சொன்னார். "என் காலைப் பார்த்துக்கிட்டே வாங்க."

மெக்கானிக் பார்த்தார். ஓர் அலை வந்து மாஸ்டரின் பாதங்களைக் கழுவிவிட்டுப் போனது. இடது உள்ளங்காலில், கூர்முனை குதிகாலைப் பார்க்க, முக்கோணத் தழும்பு.

அடுத்த நொடி மெக்கானிக் அந்தக் கணுக்காலை எட்டிப் பிடித்தார். இரண்டு போர்டும் கவிழ்ந்தன. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது, காலுக்குக் கீழே தரை இல்லை. செத்தாலும் சரி என்று பிடியை மட்டும் விடவில்லை. கடைசியில் மாஸ்டர்தான் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கரை ஏறும்படி ஆனது.

மணலில் கிடந்தபடி மெக்கானிக் தங்கையின் பெயரைச் சொன்னார். மாஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

"வேலை போச்சு மச்சான். எந்த முகத்தோட அவ முன்னாடி நிக்கிறது? எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். இன்னைக்கே உங்ககூட வந்துடறேன்."

மெக்கானிக்கின் கோபமெல்லாம் கரைந்தது. பிடி தளர்ந்தது. பாவம், தங்கை சொன்னது சரிதான். வழுக்கைத் தலைக்காரர் ஓட்டமாக வந்து நீட்டிய போனை வாங்கித் தங்கையைக் கூப்பிட்டார்.

"அவர்தானாண்ணா?" என்றாள் அவள். பின்னால் குழந்தை சிணுங்கியது. "அவர்கிட்ட போனைக் குடேன்."

போனைக் கொடுக்கக் கையை நீட்டியபோதுதான் கவனித்தார். வழுக்கைத் தலைக்காரர் மணலில் முழங்காலிட்டு மாஸ்டரின் இடது காலைத் தூக்கி, அந்த முக்கோணத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் அழுகை சட்டென்று நின்றிருந்தது.

வழுக்கைத் தலைக்காரர் நிமிர்ந்தார்.

"போனை வைங்க தம்பி. நானும் இவனுக்கு மச்சான்தான்."