வீடியோவில் வந்த தண்ணீர்

நகராட்சியின் யூடியூப் சானலுக்குப் படம் எடுக்க, 'ஒளிவுமறைவில்லாத நிர்வாகம்' என்று எழுதிய பனியன் மாட்டிக்கொண்டு நாலு பேர் வேலுத்தாயின் தெருவுக்கு வந்தார்கள். சுவரில் புதுக் குழாய் பளபளத்தது. பூமிக்கடியில் பைப் இன்னும் பதிக்கவில்லை. அதனாலென்ன? சுவருக்குப் பின்னால் ஒருத்தன் புனலும் ரப்பர் டியூபுமாகக் குந்திக்கொண்டான். ஊற்றுவதற்குத் தண்ணீர் கொண்டுவரத்தான் மறந்துவிட்டார்கள் அந்தச் சூரர்கள். தண்ணீர் லாரியில் முட்டிமோதி வேலுத்தாய் பிடித்து வைத்திருந்த குடத்தை வாங்கி ஒரு வாளியில் கவிழ்த்துக்கொண்டு, காலிக் குடத்தோடு அவளையே குழாயடியில் நிற்க வைத்தார்கள்.

"நல்லாச் சிரிங்கம்மா. தண்ணி வந்தா யாராவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்களா?" என்றார் கூட வந்த அதிகாரி.

தன் தண்ணீரே சுவரைச் சுற்றித் தன்னிடம் வருவதைப் பார்த்து அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரிக்குப் பரம திருப்தி. திரும்பத் திரும்ப எடுத்ததில் பாதித் தண்ணீரை மண் குடித்தது. எதையும் நேரத்துக்குச் செய்யாத நகராட்சி வீடியோவை மட்டும் அன்றைக்கே போட்டது, கமெண்ட் பகுதியைப் பூட்டிவிட்டு.

மறுவாரம் லாரி தெருவில் நிற்காமல் போனது. வேலுத்தாய் ஓடிப்போய் மறித்தாள். டிரைவர் போனை நீட்டினான்.

"உங்க தெருவுக்குத்தான் குழாய்ல வருதாமேக்கா. நீங்களே சிரிக்கிறீங்க, பாருங்க."

படத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வேலுத்தாய் போனை வாங்கினாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, அதன் வாய்க்கு மேலே போனைச் சாய்த்துப் பிடித்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"பேசாம இரு. நிறையட்டும்."

அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள்.